நிலை பிறழாமை

தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணிக்கும் நீண்ட கயிறு. மாட்டுச் சந்தைக்கும் அதுவே பெயராயிற்று. மதுரையின் வடகிழக்கே, இன்று பேருந்து நிலையம் விளங்கும் மாட்டுத்தாவணி அவ்வாறு பெயர் பெற்ற இடமாகும். மாட்டை நிறுத்துவது கயிறு. மனிதனை நிறுத்துவது விதி. இவ்வுண்மையை வாலிபால் எனப்படும் கைப்பந்தாட்டத்தில் தெளிவாகக் காணலாம்.

இவ்வாட்டத்தை 1895 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் என்பார் தோற்றுவித்தார். ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உடையது. நடுவே வலை கட்டப்பெறும். ஒவ்வோர் அணியிலும் அறுவர் ஆடுவர். மூவர் முன்வரிசையிலும் மூவர் பின்வரிசையிலும் நிற்பர். பின்வரிசையின் வலக்கோடிக்கு உரியவர் பந்தை அடித்து ஆட்டத்தைத் தொடங்குவார். இதனைச் சர்வீஸ் என்பர். எதிரணியிடமிருந்து சர்வீஸ் உரிமையை வென்ற அணியினர், கடிகார முள் செல்லும் திசையில் ஓரிடம் பெயர்வர். ஆதலின், வலையருகே பாய்ந்து அடிப்பதில் வல்லவனும் தன் முறை வருங்கால் பின்வரிசைக்குச் செல்லுதல் வேண்டும்.

சர்வீஸ் அடிக்கப்படும் கணத்தில், பந்தை ஏற்கும் அணியினர் இவ்வரிசை பிறழாது நிற்றல் வேண்டும். பின்வரிசையாளர், தமக்கு நேர்முன் நிற்பவரைக் கடந்து வலையை அணுகுதல் ஆகாது. அருகருகே நிற்போர் வலம் இடம் மாறுதலும் ஆகாது. நிலத்தில் ஊன்றிய பாதங்களைக் கொண்டே நடுவர் இதனை முடிவு செய்வார். பந்து அடிக்கப்பட்ட பின்னர் அவரவர் வேண்டிய இடத்திற்கு விரையலாம். நெடுங்காலம் இவ்விதி இரண்டு அணிகளுக்கும் பொதுவாக இருந்தது. 2025 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக விதிகள், சர்வீஸ் அடிக்கும் அணியை மட்டும் இக்கட்டினின்றும் விடுவித்தன.

ஓர் அணி 23 புள்ளிகளும் எதிரணி 24 புள்ளிகளும் பெற்றுள்ளன என்று கொள்க. எதிரணியினன் சர்வீஸ் அடிக்கக் கையை ஓங்குகிறான். ஏற்கும் அணியின் பின்வரிசை இளைஞன் ஒருவன், ஆர்வமிகுதியால் முன் நிற்பவனைக் கடந்து வலையருகே ஓடிவிடுகிறான். அதன் பின்னரே பந்து அடிக்கப்படுகிறது. உடனே நடுவர் சீழ்க்கை ஒலிக்கிறது. எதிரணிக்கு 25 ஆம் புள்ளி. அச்சுற்று அதனோடு முடிந்தது. இளைஞனுக்கு ஆற்றல் குறைவில்லை; ஒரு கணப் பொறுமையே குறைந்தது. அவன் பிழைக்கு ஐவரும் உடன் தோற்றனர்.

கயிறு அறுந்தால் மாடு ஓடும். விதியை உணர்ந்தவனோ, கட்டுவார் இல்லாதபோதும் தன் நிலையில் நிற்பான். காலம் வந்ததும் தடையின்றிப் பாய்வான். ஆடுகளத்தில் கற்கும் இப்பண்பு வாழ்க்கைக்கும் துணையாவதன்றோ?