நாய்க்கு முன் நூல்

செம்பூரில் எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு ராஜபாளையம் குட்டி வேண்டுமென்று மகன் அடம்பிடித்தான். "முதலில் புத்தகம், பிறகு நாய்" என்று சொல்லி, சு. தியடோர் பாஸ்கரனின் 'இந்திய நாயினங்கள்' நூலைக் கொடுத்தேன். நாய் வாங்க நினைக்கும் நம்மவர்கள் அவசியம் படிக்க வேண்டியது. ராஜபாளையம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம். ஓட இடம் வேண்டும். காது கேளாத குட்டிகளும் பிறப்பதுண்டு. 2005-இல் அஞ்சல் தலையில் வந்த நாயை மூன்றாம் மாடியில் கட்டிப்போடலாமா?

பம்பாயில் 1963-இல் வெளிவந்த சோமனின் 'தி இந்தியன் டாக்' மாதுங்கா நடைபாதைக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். கதை கேட்கும் பிள்ளைகளுக்கு, ஜிம் கார்பெட் 1944-இல் வெளியிட்ட குமாவுன் புலி நூலில் ராபின் என்ற நாயின் அத்தியாயம் போதும்.

குட்டி வாங்கவில்லை. கேட்டருகே கிடக்கும் தெருநாய்க்குத்தான் இப்போது தயிர்சாதம். வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று, பெயர் ராபின்.