பொதுவில் நிற்கும் நிரலகம்

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர் பொம்மையார்பாளையம். இப்பெயரைக் கண்ணால் எண்ணினால் 9 எழுத்துகள். கணினியின் நினைவகத்திலோ அது 17 ஒருங்குறிக் குறியீடுகள். ‘பொ’ என்னும் எழுத்து அங்கே பகரமும் அதன்பின் ஒகரக் குறியுமாகவே நிற்கும். திரையில் அக்குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னும் கால் பின்னும் அமைய வேண்டும். இல்லையேல் ஊர்ப்பெயரே சிதைந்து தோன்றும்.

இவ்வொழுங்கைச் செய்யும் நிரலை ஒவ்வொரு மென்பொருளும் தனியே எழுதிக்கொள்வதில்லை. லினக்ஸில் ஹார்ஃபஸ் என்னும் நிரலகமும், பழைய விண்டோஸில் யூனிஸ்கிரைப் என்னும் நிரலகமும் இப்பணியைப் பொதுவில் நின்று செய்கின்றன. உப்பளத்தில் பல பாத்திகளுக்கும் ஒரே வாய்க்கால் நீர் தருவதை இதற்கு ஒப்பிடலாம். வாய்க்கால் பொது, பாத்தியில் தேங்கும் நீர் அவ்வப் பாத்திக்கே உரியது. அவ்வாறே, நிரலகத்தின் கட்டளைகள் நினைவகத்தில் ஒருமுறை ஏற்றப்பட்டுப் பலவற்றுக்கும் பயன்படும். தரவுகள் மட்டும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியே இருக்கும்.

மென்பொருளை உருவாக்கும்போது இணைப்பி நிரலகத்தின் பெயரை மட்டும் குறித்து வைக்கிறது. மென்பொருள் இயங்கத் தொடங்கும்போது ஏற்றி அப்பெயரைத் தேடிப் பொருத்துகிறது. தேடும் முறையில்தான் இயக்க அமைப்புகள் வேறுபடுகின்றன. லினக்ஸில் பெயரோடு பதிப்பெண்ணும் சேர்ந்திருக்கும். ஹார்ஃபஸ் கோப்பின் பெயர் ‘எஸ்ஓ’ என்னும் ஒட்டுடன் சுழியத்தில் முடியும். பொருந்தாத மாற்றம் நேர்ந்தால் எண் மாறும்; பழையதும் புதியதும் அருகருகே வாழும். மேக் கணினியில் நிரலகம் இருக்கும் பாதையே மென்பொருளுக்குள் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸ் பொதுவாக மென்பொருளின் சொந்தக் கோப்புறையை முதலில் பார்த்துவிட்டுப் பின்னரே அமைப்பின் கோப்புறைக்குச் செல்லும். இதனால் ஒரு விந்தை நேர்ந்ததுண்டு. சில மென்பொருள்கள் யூனிஸ்கிரைப்பின் புதிய படியைத் தம்முடன் வைத்துக்கொண்டன. ஒரே கணினியில் ஒரே சொல் ஓரிடத்தில் செம்மையாகவும் மற்றோரிடத்தில் பிழையாகவும் தெரிந்தது.

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன. வன்பொருள் ஒன்றே. எனினும் ஒன்றின் நிரலகத்தை மற்றொன்றில் படியெடுத்து வைத்தால் பயனில்லை. கோப்பின் உள்ளமைப்பே வேறு.

பொதுவில் நிற்பதன் பெரும்பயன் திருத்தத்தில் விளங்கும். ஹார்ஃபஸில் ஒரு பிழையைக் களைந்து அக்கோப்பை மாற்றினால், அதைப் பகிரும் மென்பொருள்கள் அனைத்தும் அடுத்த முறை திறக்கும்போது திருந்திவிடும். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பவை மட்டும் மூடப்படும்வரை பழைய படியையே பற்றியிருக்கும்.