பழைய காருக்கு டைமிங் வைக்கும் முறை

ஈஜிபுரா,
பெங்களூரு



பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை பொறி பட்டவுடனே முழுவதும் எரிந்து முடிவதில்லை. அதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, ஒரு மில்லி விநாடிக்குள் கிராங்க் ஷாஃப்ட் 18 டிகிரி திரும்பிவிடுகிறது. ஆகவே பிஸ்டன் உச்சியைத் தொடும் முன்பே பிளக்கில் பொறி விழ வேண்டும். எத்தனை டிகிரி முன்பு என்பதே டைமிங். பொறி பிந்தினால் இழுவை குறையும், எஞ்சின் சூடேறும். அளவுக்கு மீறி முந்தினால், எரியாமல் மிஞ்சிய கலவை அழுத்தம் தாங்காமல் தானே வெடிக்கும். எஞ்சின் 'நாக்' அடிக்கும். நாளடைவில் பிஸ்டன் பழுதாகும்.

அம்பாசடர் போன்ற கார்களில் பொறிக்கு நேரம் குறிப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதனுள் இருக்கும் பாயின்ட் திறக்கும் கணத்தில் காயில் உயர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது; ரோட்டார் அதை 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளுக்கு அனுப்புகிறது. இந்தச் சாமான்கள் தென்னாட்டிலேயே உருவானவை. 1951-ல் தொடங்கிய மைக்கோ நிறுவனம், ஈஜிபுராவுக்கு அருகிலுள்ள ஆடுகோடி ஆலையில் பிளக் செய்தது. 1961-ல் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம், டிஸ்ட்ரிபியூட்டர் செய்தது.

முதல் வேலை பாயின்ட் கேப், அதாவது பாயின்ட் முழுதாகத் திறக்கும்போது உள்ள இடைவெளி. கேப் கூடினால் பாயின்ட் முன்னதாகவும், குறைந்தால் பிந்தியும் திறக்கும். டைமிங் வைத்த பிறகு கேப்பைத் தொட்டால் செய்த வேலை வீண். லூகாஸ் வகைக்கு ஃபீலர் கேஜில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் சரி.

அடுத்து, முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் மூடி, எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். காற்று விரலைத் தள்ளினால் பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலேறுகிறது என்று பொருள். கிராங்க் புல்லியின் வெட்டை, கையேடு சொல்லும் டிகிரிக் குறிக்கு நேராக நிறுத்த வேண்டும். அப்போது ரோட்டார் முதல் பிளக்கின் வயரை நோக்கி நிற்கும்.

இனி ஒரு 12 வோல்ட் பல்பு போதும். அதன் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்க முனையிலும் மற்றதை பாடி எர்த்திலும் கொடுத்து, சாவியைப் போட வேண்டும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டார் சுற்றும் பக்கமாகத் திருப்பினால் பாயின்ட் மூடிப் பல்பு அணையும். பிறகு எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பி, பல்பு எரியத் தொடங்கும் இடத்திலேயே போல்ட்டை முடுக்க வேண்டும். முடிந்ததும் சாவியை அணைக்காவிட்டால் காயில் சூடேறும்.

கடைசிச் சோதனை சாலையில். டாப் கியரில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது லேசாக நாக் கேட்டு உடனே மறைந்தால் டைமிங் சரி. தொடர்ந்து கேட்டால் சற்றுப் பின்னுக்கு வைக்க வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம்; காற்றழுத்தம் ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. அதனால் எஞ்சின் இங்கே எளிதில் நாக் அடிக்காது. இங்கே காதால் கேட்டு டைமிங்கை முன்னுக்கு வைத்த கார் சென்னைக்கு இறங்கியதும் நாக் அடிக்கலாம். அங்கே மறுபடியும் பார்ப்பது அவசியம்.

பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும் குதிகால் தேயத் தேய கேப் சுருங்கும். டைமிங்கும் தானாகப் பிந்தும். ஆகவே ஏறக்குறைய 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முதலில் கேப்பையும் பிறகு டைமிங்கையும் பார்த்துவிட வேண்டும்.