தண்டுவடம் என்னும் காவலன்

கேமரன் மலைத் தேயிலைச் சரிவில் கொழுந்து பறிப்பவரின் காலில் முள் தைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலியை அவர் உணரும் முன்பே அந்தக் கால் மேலெழுகிறது. மறுகால் விறைத்து உடலைத் தாங்குகிறது. இந்த அனிச்சைச் செயலை நடத்துவது மூளையன்று. முதுகெலும்புக்குள் சுமார் 45 செ.மீ. நீளமுள்ள தண்டுவடமே. அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. பாதத்தின் செய்தியைப் பெற்றதும் அது தசைகளுக்குக் கட்டளையிடுகிறது, மூளைக்கும் தெரிவிக்கிறது.

தண்டுவடம் துண்டிக்கப்பட்டால், நடக்கச் சொல்லும் மூளையின் கட்டளை கால்களை எட்டாது. அதன் நரம்பிழைகள் எலும்புபோல் மீண்டும் கூடுவதுமில்லை. ஆகவே நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: சரிவில் உருண்டு விழுந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் பார்த்துக்கொண்டு, உடனே 999 எண்ணை அழையுங்கள்.