ஊர்கூடி இழுத்த தேர்

மருத்துவ ஆராய்ச்சி என்றதும், தனியறையில் நுண்ணோக்கியின்முன் தலைகுனிந்திருக்கும் அறிஞர் ஒருவரே நம் மனக்கண்முன் தோன்றுவார். அத்தகைய அறிஞர் பலர் உலகிற்குப் பெருநன்மை புரிந்துள்ளனர். ஆயினும், சில வினாக்கள் தனியொருவர் ஆற்றலுக்கு அடங்குவன அல்ல. ஊர்கூடி இழுத்தாலன்றி நகராத தேர் போன்றவை அவை. சென்னை மாநகரில் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்று இதற்குத் தக்க சான்றாகும்.

முற்காலத்தில் காசநோய் கண்டவரை வீட்டினின்று பிரித்து, காற்றோட்டமுள்ள மருத்துவ நிலையங்களில் பல திங்கள் படுக்கையில் வைத்திருத்தலே முறையாக இருந்தது. ஓய்வும் நல்லுணவும் இன்றேல் நோய் தீராது என்றும், நோயாளி வீட்டிலிருந்தால் மனைவி மக்களையும் அது பற்றும் என்றும் அஞ்சினர். நோயாளிகளோ மிகப் பலர். படுக்கைகளோ மிகச் சில. இடம் கிடையாத ஏழை என் செய்வான்? புதிய மருந்துகள் தோன்றியபோது, 'அவற்றை வீட்டிலிருந்தபடியே உண்டால் நோய் தீருமா?' என்னும் வினா எழுந்தது.

இதற்கு விடை காண 1956ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதற்குத் துணைநின்றன. நோயாளிகள் 193 பேர், குலுக்கல் போன்றதொரு முறையால் இரு பிரிவினர் ஆக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மருத்துவ நிலையத்தில் தங்கினர். மற்றவர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இருசாராரும் ஓராண்டுக்காலம் ஒரே மருந்துகளை உண்டனர்.

மருத்துவர் நோயின் நிலையை ஆய்ந்தனர். ஆய்வுக்கூடத்தார் சளியில் கிருமி உளதா எனத் தேர்ந்தனர். புள்ளியியல் அறிஞர் முடிவுகளைக் கணக்கிட்டனர். சுகாதாரப் பணியாளரோ முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று, எஞ்சியிருந்த மருந்தை எண்ணிக் குறித்தனர்.

மாணவர்களே! இங்குச் சற்றே சிந்தியுங்கள். பணியாளர் ஒருவர் வெயிலுக்கு அஞ்சி, வீட்டிற்குச் செல்லாமலே, 'மருந்து முறையாக உண்ணப்பட்டது' என எழுதியிருந்தால் என்னாகும்? மருத்துவரின் புலமையும், கணக்கிட்டவரின் நுட்பமும் வீணாகியிருக்கும் அன்றோ? அச்சாணி சிறிதுதான், அது கழன்றால் தேர் நில்லாது.

முடிவு 1959இல் வெளியாயிற்று. மருத்துவ நிலையத்தில் இருந்தோருள் நூற்றுக்கு 92 பேர்க்கும், வீட்டில் இருந்தோருள் நூற்றுக்கு 86 பேர்க்கும் நோய் தணிந்திருந்தது. வீட்டிலிருந்தோர்க்கு ஓய்வும் ஊட்டமும் குறைவாகவே வாய்த்தும் இப்பயன் கிட்டியது. அவர்தம் குடும்பத்தாரை நோய் மிகுதியாகப் பற்றவும் இல்லை. வீட்டிலிருந்தே நோய் தீர்க்கும் முறை பல நாடுகளிலும் பரவ இவ்வாராய்ச்சி வழிகோலியது. அன்று தோன்றிய நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் சென்னைச் சேத்துப்பட்டில் விளங்குகிறது.

இத்தகைய கூட்டு ஆராய்ச்சி தழைக்கப் பொருளுதவி மட்டும் போதாது. முடிவை எழுதியவரைப் போற்றும் நாம், தெருத்தெருவாய் நடந்து மருந்தை எண்ணியவரை மறத்தல் ஆகாது. உழைப்பைப் பகிர்ந்துகொண்டோர் புகழையும் பகிர்ந்துகொள்ளுதலே அறம். அவ்வறம் நிலைக்கும் இடத்தில்தான் பலர் அறிவும் ஒன்றுகூடும். நோயுற்றோர் துயரும் நீங்கும்.