கத்திப் பேசிய நியூரல் நெட்வொர்க்

செல்போனில் எதிர்முனையில் இருப்பவர் பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்றால், "என்ன சொன்னீங்க?" என்று திரும்பக் கேட்கிறோம். அப்படிக் கேட்காமலே தவறைத் திருத்திக்கொள்ள ஒரு வழியை 1950ல் வெளியிட்டார் பெல் லேப்ஸில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹேமிங். 4 பிட் தகவலுடன் 3 சோதனை பிட்களைச் சேர்த்து 7 பிட்களாக அனுப்ப வேண்டும். வழியில் ஏதாவது ஒரு பிட் மாறிவிட்டாலும், பெறும் கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிடும்.

2017ல் டிம் ஓஷே, ஜேக்கப் ஹாய்டிஸ் இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஹேமிங்கின் கணக்கு எதையும் சொல்லிக் கொடுக்காமல், டீப் லேர்னிங் மூலம் ஒரு நெட்வொர்க்கைத் தானாகவே கற்க விட்டார்கள். அதே 7,4 அளவில், ஹேமிங் முறையை மிகச் சிறந்த வகையில் டீகோட் செய்தால் கிடைக்கும் பலனை அது எட்டிவிட்டது. இதை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்து பார்த்தேன். நீங்களும் செய்யலாம்.

செய்முறை

1. 4 பிட்களில் 16 விதமான செய்திகள் அமையும். அவற்றில் ஒன்றை அனுப்பும் நெட்வொர்க்கிடம் கொடுங்கள். அது 7 எண்களைத் தரட்டும்.

2. அந்த எண்கள் ஒவ்வொன்றுடனும் ரேண்டம் எண் ஒன்றைக் கூட்டுங்கள். இதுதான் இரைச்சல்.

3. பெறும் நெட்வொர்க், வந்தது 16ல் எந்தச் செய்தி என்று சொல்ல வேண்டும். தவறினால் இரண்டு நெட்வொர்க்குகளும் சேர்ந்தே தங்களைத் திருத்திக்கொள்ளும். பல்லாயிரம் முறை இது நடக்க வேண்டும்.

பைதான் தெரிந்தவர்கள் பைடார்ச் கொண்டு சில பத்து வரிகளில் இதை எழுதிவிடலாம்.

நான் செய்த தவறு

முதல் முறையே பிழை கிட்டத்தட்ட பூஜ்யம்! ஹேமிங்கை முந்திவிட்டேன் என்று நண்பருக்குப் போன் செய்து பெருமை அடித்துக்கொண்டேன். இரவில் சந்தேகம் வந்தது. அந்த 7 எண்களைத் திரையில் வரவழைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் மலைபோல் வளர்ந்திருந்தது. நெட்வொர்க் எந்தப் புத்திசாலித்தனமும் செய்யவில்லை. இரைச்சலை மீறிக் கத்தியிருக்கிறது, அவ்வளவுதான்! உண்மையான செல்போன் இப்படிக் கத்தினால் பேட்டரி தீர்ந்துவிடும், பக்கத்தில் பேசுபவருக்கும் இடைஞ்சல்.

7 எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் எப்போதும் 7தான் வர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். பிழைகள் திரும்பி வந்தன. முடிவு ஹேமிங்குக்குச் சமமாக நின்றது. நண்பருக்கு மறுபடியும் போன் செய்ய வேண்டியதாயிற்று.

சமம் என்றால் எதற்கு இது?

அடுத்து, 7 எண்களில் ஏதாவது ஒன்றில் மட்டும் திடீரென்று பெரிய இரைச்சலைக் கலந்தேன. ஹேமிங் டீகோடரும் தடுமாறியது, நெட்வொர்க்கும் தடுமாறியது. ஆனால் அந்த இரைச்சலையும் சேர்த்து மீண்டும் பயிற்சி கொடுத்ததும் நெட்வொர்க் தேறிவிட்டது. நான் புதிய கணக்கு எதுவும் போடவில்லை. பழகிய இரைச்சலை அது சமாளிக்கும், பழகாததில் கோட்டை விடும். இதன் பலமும் பலவீனமும் இதுவே.

செல்போன் தரத்தை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, 2024ல் முடிந்த ரிலீஸ் 18ல் இத்தகைய முறைகளை ஆராய்ந்தது. அதில் ஒன்று, சிக்னல் வரும் பாதையின் நிலையைப் போன் சுருக்கி அனுப்ப, டவர் அதை விரித்துப் படிப்பது. போன் ஒரு கம்பெனி, டவர் வேறு கம்பெனி என்றால், இரு பாதிகளையும் எப்படிச் சேர்த்துப் பழக்குவது என்பதே பெரிய சிக்கல்.

நீங்கள் செய்து பார்க்கும்போது முடிவு மிக நன்றாக வந்தால், உடனே யாருக்கும் போன் செய்யாதீர்கள். முதலில் அந்த 7 எண்களைப் பாருங்கள்!