கல்வெட்டில் ஏறாதவர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளியிலிருந்து பழவேற்காடு டச்சுக் கல்லறைக்குக் கூட்டிப்போனதாக எழுதியிருந்தாய். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: டச்சுக்காரனைக் கொடியவன் என்கிறோம், கடல் கடந்து படையெடுத்த சோழனை மட்டும் ஏன் கொண்டாடுகிறோம்? கூனங்குப்பத்துப் பிள்ளைக்கு இப்படிக் கேட்கத் தோன்றியதில் எனக்குப் பெருமை.

முதலில் நம்ம ஊர்க் கதை. 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கம்பெனி, 1690 வரை சோழமண்டலக் கரையில் தன் வணிகம் முழுவதையும் இங்கிருந்துதான் நிர்வகித்தது. துணியோடு மனிதர்களையும் ஏற்றி அனுப்பியது. 1621 முதல் 1665 வரை வங்கக் கடலோரத் துறைகளிலிருந்து 131 கப்பல்களில் 38,441 பேர் அடிமைகளாகப் போனதாக ஒரு கணக்கு உண்டு. பழவேற்காடு அதில் முக்கியமான துறை. பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடி, 1659 முதல் 1661 வரை பஞ்சம் தலைவிரித்தாடியபோது, பசியில் தவித்தவர்களைக் கம்பெனி மலிவாக வாங்கியது. எட்டாயிரம் பேருக்கு மேல் கப்பலேறினார்கள், பெரும்பாலோர் இலங்கைக்கு.

கல்லறையில் நீ பார்த்த கருங்கற்களில் குடும்பச் சின்னம், பெயர், இறந்த தேதி எல்லாம் எவ்வளவு நேர்த்தி! வாசலில் இருக்கும் எலும்புக்கூட்டைக்கூட விலா விலாவாகச் செதுக்கியிருக்கிறார்கள். தொல்லியல் துறை அதைக் காக்கிறது, காக்கவும் வேண்டும். ஆனால் கப்பலேறியவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. கல் இல்லாவிட்டாலும் நினைவு வாழலாம்: பழவேற்காடு ஏரியில் எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் பாடு, அதாவது மீன்பிடிக்கும் முறை, என்பதை நம் பெரியவர்கள் வாய்வழியாகவே தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். ஆனால் கப்பலேறியவர்களின் நினைவைக் காக்க ஆள் திரும்பி வந்தால்தானே?

உன் கேள்விக்கு வருகிறேன். கல்லில் நிலைத்தது கண்ணில் படுகிறது. அழகாகவும் இருந்துவிட்டால் மனசு மயங்கிவிடுகிறது. அதோடு 'நம்மவர்' என்ற பாசமும் சேர்ந்துகொள்கிறது. நெதர்லாந்துக்காரர்களும் இதைத்தான் செய்தார்கள். 1621-ல் பண்டா தீவுகளில் ஜாதிக்காய் வணிகத்துக்காக மக்களைக் கொன்று குவித்த, டச்சுக் கம்பெனியின் தலைமை ஆளுநர் கூன் என்பவனுக்கு, 1893-ல் அவன் பிறந்த ஹோர்ன் நகரில் சிலை வைத்தார்கள். அவன் வாழ்ந்த பதினேழாம் நூற்றாண்டையே 'பொற்காலம்' என்றார்கள். 2019-ல்தான் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் அந்தச் சொல்லைக் கைவிட்டது. அடிமை வணிகத்துக்காக அவர்களுடைய மன்னர் மன்னிப்புக் கேட்டது 2023-ல்.

இனி நம்மவர். ராஜேந்திரன் 1025-ல் கடாரம் வென்றதைப் பாடமாகப் படிக்கிறோம். அதற்குமுன், தந்தை ராஜராஜன் காலத்திலேயே, ராஜேந்திரன் சாளுக்கிய நாட்டுக்குள் படை நடத்தினான். கர்நாடகத்து ஹொட்டூரில் அதைச் சொல்லும் 1007-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பெண்களையும் குழந்தைகளையும் சோழர் படை கொன்றது என்கிறது அது. எதிரி எழுதியது, மிகையாக இருக்கலாம். ஆனால் 'வேளம்' என்ற அரண்மனைக் குடியிருப்பு பற்றிச் சொல்வது சோழர் காலக் கல்வெட்டுகளே. அரண்மனைப் பணிப்பெண்கள் அங்கே இருந்தார்கள். போரில் சிறைபிடித்த பெண்களையும் அங்கேதான் சேர்த்தார்கள்.

இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. மனிதரை விலைபோட்டு வாங்கி, லாபக் கணக்கெழுதி, ஆண்டுக்கணக்காக விற்றது கம்பெனி. சோழர் கொள்ளை போரோடு வந்தது; அவர்கள் ஏரியும் வெட்டினார்கள், கோயிலும் எழுப்பினார்கள். ஆனால் இழுத்துச் செல்லப்பட்ட பெண்ணுக்கு இந்த வேறுபாடு என்ன ஆறுதல் தந்திருக்கும்? நம் பாட்டன் செய்தான் என்பதற்காக அவள் கண்ணீருக்கு எடை குறைந்துவிடாது. திறமையை வியக்கலாம், அந்த வியப்பை வைத்துக் கொடுமைக்கு மன்னிப்புத் தர நமக்கு உரிமையில்லை.

தஞ்சாவூர் போனால் பெரிய கோயிலைக் கண்குளிரப் பார். பார்த்துவிட்டு, வேளம் எந்தப் பக்கம் இருந்தது, அதில் இருந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று ஆசிரியரிடம் கேள். அவர் சொல்வதை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அக்கா